மூன்றாம் பாகம் முனிலட்சுமி கையில்

ஆண்பிள்ளை என்றால் வருடத்துக்கு ஒரு நாளாவது தன் வீட்டில் தான் நினைத்ததைச் செய்ய வேண்டும். தொண்ணூறாம் வருடம் நான் எடுத்த தீர்மானம் இது. வாடகைக்கு வீடியோ டெக்கும் கேசட்டும் எடுத்து, விண்வெளிச் சண்டைப் படம் மூன்று பாகத்தையும் ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் பார்த்துவிடுவது! ஓசூர் சிப்காட்டில் வாரம் ஆறு நாள் லேத் மிஷினோடு மாரடிப்பவனுக்கு இந்த உரிமைகூடவா இல்லை?

என் மனைவி முனிலட்சுமி மறுக்கவே இல்லை.

"நீங்க ஏங்க அலையறீங்க? முனீர் பாய் கடைக்கு நானே போயி வாங்கியாரேன்" என்றாள்.

அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஏனென்றால் எங்களுக்கு நடுவில் ஒரு விண்ணப்பப் பாரம் இருந்தது. புதிதாகத் திறந்த கம்பெனி ஒன்று பெண்களை வேலைக்கு எடுத்தது. இவள் பத்தாவது பாஸ். பாரத்தின் அடியில் 'கணவர் சம்மதம்' என்று ஒரு கோடு. ஒரு மாதமாக "யோசிச்சுச் சொல்றேன்" என்று யோசிக்காமலே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் கடைசித் தேதி. உண்மையைச் சொன்னால், சோறு யார் ஆக்குவது என்கிற பயம்தான்.

டெக் வந்தது. பின்னாலேயே பக்கத்து வீட்டுக் காத்தூன், எதிர்வீட்டுக் கெம்பம்மா, என் சூப்பர்வைசர் ஆஞ்சப்பன் எல்லோரும் வந்தார்கள். படம் இங்கிலீஷ். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஓவர்டைமும் லீவும்தான். ஆனாலும் விளக்கம் சொல்ல நான்தான்.

வறண்ட கிரகம். தண்ணீர் கொண்டுவர ராக்கெட் ஓட்டத் துடிக்கும் ஒரு பெண். ராக்கெட் வெளியேறும் கதவின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தராத தலைவன். இரண்டாம் பாகம் முடியும்போது ராக்கெட் உறுமுகிறது, கதவு திறக்கவில்லை, திரை இருண்டுவிட்டது.

"முந்தே ஏனாயித்து?" என்று கெம்பம்மா, அடுத்து என்ன ஆச்சோ என்று கன்னடத்தில் பதறினாள்.

"பதறாதீங்க. மொதல் பாகத்துல ஆசை. ரெண்டாம் பாகத்துல தடை. மூணாம் பாகத்துல தடை ஒடையணும். அதான் கதை!" என்றேன். ஆஞ்சப்பனே தலையாட்டினார்.

முனிலட்சுமி மூன்றாவது கேசட்டோடு டிவிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அந்தத் தலைவன் ஏங்க சாவியக் குடுக்க மாட்டேங்கறான்?"

"சுயநலம். அவன் சொகம் கெட்டுடும்ல?"

"அவன் நல்லவனா?"

"படுபாவி!"

"செரி. நம்ம வீட்டுல இப்ப எத்தனாவது பாகம் ஓடுது?"

முந்தானையிலிருந்து பாரம் வெளியே வந்தது. பேனாவும் வந்தது.

"என்ன பாரம்மா?" என்றார் ஆஞ்சப்பன். சொன்னாள். சபை மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

"யோசிச்சு..."

"அண்ணே, ராக்கெட்டு நிக்குது!" என்றாள் காத்தூன்.

"போடுய்யா கையெழுத்த! மானத்த வாங்காத" என்றார் சூப்பர்வைசர்.

போட்டேன். காத்தூன் பாரத்தை வாங்கி மடித்துக்கொண்டாள். முனிலட்சுமி கேசட்டைச் செருகினாள். திரையில் வெளிச்சம் வந்தது. நாதஸ்வரம் கேட்டது. பந்தியில் யாரோ பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"என்னடி இது?"

"காவேரிப்பட்டினத்துல யாரு வீட்டுக் கல்யாணமோ. மூணாம் பாகத்த வேற ஆளு எடுத்துட்டுப் போயிட்டாங்களாம். பாய் காலையிலயே சொல்லிட்டாரு. நாந்தான் சும்மா ஒரு கேசட்டக் குடுங்கன்னு வாங்கியாந்தேன்."

காத்தூனைத் தேடினேன். பாரத்தோடு வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

வேலை கிடைத்தது. யூனிபார்ம் போட்டு, அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு முதல் நாள் கம்பெனி பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சத்தியமாகப் பெருமையாக இருந்தது. அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் அடுத்த பாரம் வரும்.

அடுத்த ஞாயிறு அவளுக்கு ஷிப்ட். முனீர் பாய் பாவம், வாசலுக்கே வந்து மூன்றாம் பாகத்தை நீட்டினார்.

"அப்பறம் பாக்கறேன் பாய்" என்றேன், கரண்டியும் கையுமாக. "சோறு கொழைஞ்சிடும்."