கட்பீஸ் பாயும் பத்து நாள் குழாயும்

பேரம் பேசாமல் கட்பீஸ் பாய் இந்த உலகத்தில் எதையும் ஏற்றுக்கொண்டதில்லை; தன் வயிற்றில் செருகிய குழாயைக்கூட.

திருக்கோவிலூரில் வெட்டுத்துணிக் கடை வைத்திருப்பவர். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனபோது அடுத்த கட்டில் அவருடையது. அவருக்குக் குடலில் ஒரு துண்டை வெட்டியெடுத்து இரு முனைகளையும் இணைத்திருந்தார்கள். இணைத்த இடம் கசிந்து உள்ளே சீழ் கட்டிவிட்டது. வயிற்றை மறுபடி திறக்காமல், ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியால் துளைத்து, மெல்லிய குழாய் விட்டுச் சீழைப் பையில் வடியவைத்தார் டாக்டரம்மா.

“என்னாண்ட வந்திருந்தா டபுள் தையல் போட்டுக் குடுத்திருப்பேனே!” என்றார் பாய்.

“பத்து நாளாவது குழாய் இருக்கணும், பாய்.”

“இன்னாம்மா, ஜாஸ்தி சொல்றீங்க! உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம், அஞ்சு வெச்சுக்கலாம்.”

“வடியறது கம்மியானாதான் எடுப்பேன்.”

அந்த ஒரு வார்த்தை போதும் பாய்க்கு. பெருநாள் வியாபாரத்துக்குள் கடையைத் திறந்தாக வேண்டும்.

காலை எட்டு மணிக்கு நர்ஸ் வந்து சீழை அளப்பார். ஏழரைக்கே பாய் பையை லுங்கிக்குள் மறைத்துக்கொண்டு கக்கூசுக்குப் போவார்; திரும்பும்போது பை மெலிந்திருக்கும். கண்ணில் பட்டதை எழுதிவைப்பது என் பழக்கம். மூன்று நாளும் எழுதினேன்: ஏழு மணிக்குப் பாதிப் பை, எட்டு மணிக்கு இரண்டு ஸ்பூன்.

நான்காம் நாள் டாக்டரம்மா, “பரவாயில்லையே, நாளைக்கு எடுத்துடலாம்” என்றார். எடுத்தால் சீழ் உள்ளேயே தேங்கும், அப்புறம் கத்திதான். டைரியை நீட்டினேன்.

“துணியிலதான் அளவு கொறைப்பீங்கன்னு பாத்தா, சீழ்லயுமா பாய்?” என்றார் நர்ஸ். வார்டே சிரித்தது.

அதுவரை என்னை ‘சார்’ என்ற பாய் என் பக்கம் திரும்பினார். “நீ மனுசனா, கேமராவா? பக்கத்து பெட்டுக்காரன்னு நம்பி உன் எதுருலயே தூக்கினு போனேனே!”

கத்தியிலிருந்து காப்பாற்றியவன் என்று யாரும் சொல்லவில்லை. காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர்தான் மிச்சம். வீட்டுக்குக் கிளம்பும்போது விடைபெறப் போனேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். குழாய் மேலும் பன்னிரண்டு நாள் இருந்தது. கத்தி படாமலே குணமானார். பெருநாள் மட்டும் போய்விட்டது.

வேலையாக வாரம் ஒருமுறை திருக்கோவிலூர் போகிறேன். என்னைக் கண்டால், “கடை மூடியாச்சு” என்கிறார், பட்டப்பகலில். எதிர்ப்பக்கம் போய் நின்று, அவர் குனிந்து துணிக்கட்டைத் தூக்கி, வயிற்றைப் பிடிக்காமல் நிமிர்வதைப் பார்த்த பிறகுதான் பஸ் ஏறுகிறேன்.