புளோயர் நின்றுபோன காலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நான் நலம். முன்னே போட்ட மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. என் மேல் இத்தனை மாதம் கோபப்படும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டு மகிழ்கிறேன்.

அம்மாவைச் சுடுகாட்டுக்கு எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு நான் எழுந்து வேலைக்கு ஓடினேன். "சாக்கடைக்கு மூச்சு முட்டுதுன்னு ஓடினீங்களேப்பா" என்று கேட்டாய். அதோடு ஏழு மாதமாகப் பேச்சில்லை. நடந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. ஊர்க் கழிவுநீரைச் சுத்தம் செய்தபின் அடியில் தங்கும் கசடைத் தொட்டியில் விட்டு, புளோயரால் இருபது நாள் காற்று ஊதுவோம். தீனி கிடையாது, காற்று மட்டும்தான். உள்ளே இருக்கும் கிருமிகள் வேறு வழியில்லாமல் தம்மையே தின்னும், கசடும் குறையும், நாற்றமும் அடங்கும். காற்று நின்றதோ, ஊரே மூக்கைப் பிடிக்கும். அன்று பார்த்தா புளோயர் நிற்கணும், மெக்கானிக் போனை எடுக்கவில்லை, அவசரத்தில் உன் மாமாவின் புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன், ஃபியூஸைப் போட்டால் பெல்ட் அறுந்தது, பெல்ட்டை மாட்டினால் நுரை பொங்கிப் படியேறி வந்தது, தண்ணீர் பீய்ச்சி அதை அடக்கப் போய் வழுக்கி, இடது கால் செருப்பு தொட்டிக்குள்ளே போயே போச்சு. நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன், மாமா என் முகத்தைப் பார்க்கலை, காலைத்தான் பார்த்தார். "மச்சான், இன்னொண்ணு எங்க?" என்றார். கேட்கிற நேரமா அது!

அம்மாவாக இருந்தால், "போயிட்டு வாங்க, ஆனா பின்வாசல்ல ரெண்டு தடவை சோப்புப் போட்டுட்டுத்தான் உள்ள வரணும்" என்றிருப்பாள். இப்போதும் பின்வாசலில்தான் குளிக்கிறேன், இரண்டு தடவை. மோந்து பார்த்துத் திட்டத்தான் ஆளில்லை.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். குழந்தைக்கு என் முத்தம். கோபத்தோடேயாவது நீ நன்றாக இரு.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: புளோயர் நிற்கவில்லை. யாரும் என்னைக் கூப்பிடவும் இல்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும், "நீங்க உடைஞ்சா பொண்ணு தாங்காது" என்று காதருகில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எனக்குத் தாங்கலைம்மா. புளோயர் ஓடும் அறையில் எவ்வளவு கத்தி அழுதாலும் வெளியே கேட்காது, அதனால்தான் போனேன். சொன்ன பொய்க்குச் சாட்சியாக ஒரு செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் நொண்டி வந்தேன். பீரோவுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. மாமாவிடம் கொடுக்க எனக்கு முகமில்லை. நீ வந்து எடுத்துட்டுப் போம்மா.