தல்ஹாவும் சத்தியசீலன் வாத்தியாரின் கட்டக் கொடியும்

நொய்யற்கரை மருங்கில் பஞ்சுத் தூசி முகந்து தும்மி வளர்ந்த கோவை மாநகரத்துச் சான்றோரே, செவி சாய்ப்பீர். வலைகிழித்த வலக்காலன், கோட்டைமேட்டுக் கோமகன், மெத்தைக்கடை அப்துல் மஜீதின் மூத்த மைந்தன், ஐந்து மாநிலத்துப் புல்வெளிகளில் முன்கள வீரனாய்ப் பதினான்காண்டு நின்று, நின்ற இடத்தாலேயே நாசமாய்ப்போன தல்ஹாவின் புகழை இங்கே விரிக்கிறேன். பத்திரிகையில் வந்ததை நம்ப வேண்டாம். அவர்கள் எழுதினது பாதி, விட்டது பாதி. அந்த வீரன் வேண்டியது அரியணை அன்று, அணிமணி அன்று. சத்தியசீலன் என்னும் ஒரு மனிதரின் கொடி ஒரே ஒருமுறை பொய்க்க வேண்டும். அவ்வளவுதான் அவன் வாழ்நாள் வேட்கை.

இளமைச் சருக்கம் கேளீர். ஆடுகளங்கள் அனைத்திலும் அடங்காத களம் செவன்ஸ் களம். அணிக்கு எழுவர், கமுகு மரம் பிளந்து கட்டிய பார்வையாளர் காலரி, ஏறினவன் இறங்குவது அவனவன் அதிர்ஷ்டம். அக்களத்தில் ஆஃப்சைடு என்னும் சட்டம் இல்லை. சட்டம் ஒன்றும் பெரிய வித்தையில்லை. கூட்டாளி பந்தை முன்னே உதைக்கும் நொடியில், எதிரணியின் கடைசிக் காவலனையும் தாண்டிக் கோலுக்கருகே போய் நிற்கக் கூடாது. செவன்ஸிலோ நிற்கலாம், சாயலாம், கோல்கீப்பரிடம் குடும்ப நலம் விசாரிக்கலாம். தாமரைத் தடாகத்து ஒற்றைக்கால் கொக்கென எதிரியின் வலையருகே தவமிருந்து, வந்த பந்தை உள்ளே தள்ளித் தள்ளிப் பதினாறு வயதுக்குள் பார்புகழ் பெற்றான் தல்ஹா. பாலக்காடு முதல் போத்தனூர் வரைக்கும் எந்தக் கோல்கீப்பர் வீட்டில் என்றைக்குக் கல்யாணம் என்பது அவனுக்கு மனப்பாடம்.

மகன் ஒரு கோல் போட்டால் மாதரசி சாஜிதா பேகம் ஒரு கிண்ணம் சீனி எடுத்து வாசலில் நின்று, போவோர் வருவோர் உள்ளங்கையில் ஆளுக்கொரு கரண்டி போடுவாள். அவ்வீட்டு வழக்கம் அது. அந்நாட்களில் அத்தெருவில் எறும்புகளும் கொழுத்துத் திரிந்தன.

பதினேழாம் வயதில் பதினொருவர் ஆடும் மாவட்ட லீக்கில் புகுந்தான் வீரன். அங்கே எல்லைக்கோட்டோரம், மஞ்சளும் சிவப்பும் கட்டம்போட்ட கொடியைக் கையிலேந்தி, காலனின் கணக்கப்பிள்ளை போலக் காத்திருந்தார் காரமடைப் பக்கத்து விளையாட்டு வாத்தியார் சத்தியசீலன். ஞாயிறு காலை தேவாலயப் பாட்டுக்குழுவில் அடிக்குரல், மாலையில் மைதானத்தில் லைன்ஸ்மேன். அவர் யோக்கியர் என்று ஊர் சொல்லிற்று. ஊர் சொல்வதை வைத்து நான் யாரையும் எடைபோடுவதில்லை. ஆனாலும் கயிறு பிடித்து அளந்தாலும் அவர் தீர்ப்பில் விரல்கடை பிசகு இருக்காது.

முதல் ஆட்டத்திலேயே, இடியுண்ட பனைபோல் காவலர் இருவர் சரிய, புயல் நுழைந்த பந்தல்போல் வலை உப்ப, தல்ஹா இரு கையும் விரித்து ஓடினான். ஓடும்போது கண்டான், ஒரு கொடி வானளாவி நிற்பதை.

"ஏனுங்க தம்பி, அவங்க கோல்கீப்பருக்கு ஒட்டுனாப்புல நின்னுபோட்டு அப்புறம் கோலுன்னா எப்படீங்க" என்றார் வாத்தியார்.

"நான் எப்பவும் அங்கதானுங்க வாத்தியாரே நிப்பேன்."

"அதையேதான் நானுஞ் சொல்றனுங்க."

விதி என்னும் கிழவி விளையாட்டு ரசிகை போலும். தல்ஹா மாநில அணிக்கு ஏறினால் வாத்தியாரும் மாநிலப் பட்டியலுக்கு ஏறினார். அவன் கோவாவிலும் கொல்கத்தாவிலும் தொழில்முறைக் கிளப்புகளுக்கு ஆடப் போனபோது, அவர் தேசியப் பட்டியலில் பெயர் வாங்கி, ஒரு டிஃபன் டப்பாவோடு ரயிலேறிப் பின்னாலேயே வந்து சேர்ந்தார். மற்ற லைன்ஸ்மேன்கள் நின்ற ஆட்டங்களில் நம் நாயகன் நாற்பத்தொரு கோல் போட்டான், மறுப்பதற்கில்லை. சத்தியசீலன் நின்ற ஆட்டங்களில் போட்டது ஒன்பது. ஒன்பதுக்கும் கொடி. ஒன்பதும் செல்லவில்லை. ஷில்லாங் குளிரில் ஒன்று, மட்காவ் மழையில் இரண்டு, மற்றவற்றைச் சொன்னால் அவன் வருத்தப்படுவான்.

கோட்டைமேட்டிலோ டிவியில் வலை அசைந்ததும் சீனிக் கிண்ணம் வாசலுக்கு வந்துவிடும். கொடி உயர்ந்தது தெரிவதற்குள் தெருவே நாக்கை நக்கிக்கொண்டிருக்கும்.

"குடுத்தது போச்சு கண்ணு, திருப்பியா கேக்க முடியும்" என்பாள் தாய் போனில். "அந்த வாத்தியாரு ஒருக்காவாவது தும்ம மாட்டாரா?"

அவர் தும்மவில்லை. முப்பத்தொன்றாம் வயதில் முழங்காலில் மூன்று துளை போட்டு மருத்துவர் கைவிரிக்க, யானை சாய்ந்ததென ஓய்ந்தான் தல்ஹா. அதே ஆண்டு வாத்தியாரும் கொடியைச் சுருட்டிவைத்தார். போர் முடிந்தது என்று ஊர் நினைத்தது.

முடியவில்லை. ஆறாண்டு கழித்துச் சரவணம்பட்டியில் கண்ணாடி மாளிகை ஒன்றின் நான்காம் தளத்தில், கால்பந்தைத் தமிழில் அலசும் ஓர் ஒளிபரப்பு நிலையம் திறந்தது. ஆட்டம் பேச ஆள் வேண்டுமென்று தல்ஹாவை அழைத்தார்கள். சட்டம் பேச ஆள் வேண்டுமென்று, வேறு யாரை, சத்தியசீலனை அழைத்தார்கள். இரு சிங்கங்களும் ஒரே மேசைக்குப் பின்னே, முகத்தில் பவுடர் பூசி, கழுத்துப்பட்டை இறுக அமர்ந்தன. மூன்றாம் நாள், நிலைய நாயகி, தயாரிப்பாளர் சைத்ரா காதில் மாட்டிய கருவியோடு வந்து பிரகடனம் செய்தாள்.

"சார், ரெண்டு பேருமே நல்லாப் பேசறீங்க. ஆனா அடுத்த சீசனுக்கு ஒரு சேர்தாங்க இருக்கு. இன்னைக்கு மேட்ச் முடியட்டும், சொல்லிடறேன்."

தோற்றால் தல்ஹா அத்தா அப்துல் மஜீதின் மெத்தைக்கடையில் தலையணைக்கு உறை தைக்க வேண்டும். ஊசியில் நூல் கோக்கவே அவனுக்குத் தெரியாது. வாத்தியாருக்குப் பென்ஷன் இருந்தது. ஆனால் தோற்றுப் பழக்கமில்லை.

எண்பத்தெட்டாம் நிமிடம். எங்கோ ஒரு தேசத்து மைதானத்தில், ஊழிக்காற்றென ஒரு முன்கள வீரன் பாய்ந்து, காவலர் வரிசைக்கு அப்பால் தன்னந்தனியனாய்ப் பந்தை வாங்கி வலையில் சேர்த்தான். அங்கத்திய லைன்ஸ்மேன் கொடி தூக்கினான்.

"ஆஃப்சைடுங்க. ஒரு முழம் தாண்டி நிக்கறானுங்க" என்றார் சத்தியசீலன், கண் இமைக்காமல்.

"கோலுங்க" என்றான் தல்ஹா.

மேசை அதிர்ந்தது, தேநீர்க் கோப்பை தளும்பிற்று. வேறு கோணத்துப் படம் வந்தது. கம்ப்யூட்டர் போடும் கோட்டை நான் நம்புகிறவனில்லை. ஆனால் அந்தப் படத்தில் ஓர் ஆள் கண்ணுக்கே தெரிந்தான். ஸ்கோர் காட்டும் பெட்டி இதுவரை மறைத்திருந்த மூலையில், கோல் கம்பத்தோரம், எதிரணிக் காவலன் ஒருவன் பந்து உதைபட்ட நொடியில் குத்தவைத்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அவன் அங்கே இருக்கும்வரை யாரும் ஆஃப்சைடு இல்லை. நடுவர் கை நீட்டினார். கோல். வரலாற்றில் முதன்முறையாகச் சத்தியசீலனின் வாக்கு தரையில் விழுந்தது. மலை சரிந்தது, கடல் ஒதுங்கியது, விளம்பர இடைவேளை வந்தது.

நாற்காலி தல்ஹாவுக்கு என்றாள் சைத்ரா. தோற்ற கிழச்சிங்கம் பெருந்தன்மையோடு எழுந்து கை குலுக்கிற்று.

"ஏனுங்க தம்பி, மூலையில உக்காந்திருந்தவன எப்படீங்க கண்டுபிடிச்சீங்க?"

"யாருங்க உக்காந்திருந்தாங்க?"

வாத்தியார் பவுடரைத் துடைத்துக்கொண்டு டிஃபன் டப்பாவை எடுத்தார்.

இருபதாண்டு வேட்கை தணிந்த ஏந்தல், வெற்றி மாலை சூடிய வேந்தனென நிமிர்ந்து, நான்காம் தளத்து ஜன்னலோரம் நின்று கோட்டைமேட்டுக்குப் போன் போட்டான்.

"அம்மா, வாத்தியாரு தோத்துட்டாரும்மா. ஒரு கிண்ணம் எடுத்துட்டு வாசலுக்குப் போங்க."

"நெசமாவா கண்ணு? நல்லாப் பாத்தியா?"

"உலகமே பாத்துருச்சும்மா."

அத்தாவுக்குச் சுகர் வந்ததிலிருந்து அந்த வீட்டில் சீனி வாங்குவதில்லை.