ஹோல்டில் போட்ட சரவெடி

சிவகாசிப் பக்கம் பகலில் எங்கேயாவது ‘தும்’ என்று சத்தம் கேட்டால் நாங்கள் வாசலுக்கு ஓடி வேடிக்கை பார்க்க மாட்டோம். போனைத்தான் எடுப்போம். நம் வீட்டு ஆள் எந்தப் பட்டாசு ஆலையில் நிற்கிறாரோ அங்கே அடிப்போம். யாராவது எடுத்து, எரிச்சலோடு "என்ன?" என்று கேட்டால் போதும், போன உயிர் திரும்பி வந்துவிடும்.

நான் பிறந்தது விருதுநகரில். அப்பாவுக்கு மிளகாய் வத்தல் வியாபாரம். வத்தல் மூட்டை மிஞ்சி மிஞ்சிப் போனால் தும்ம வைக்கும். வெடிக்காது. ஆனாலும் கல்யாணமாகி வந்த ஒரே வருஷத்தில் இந்த ஊர்ப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அப்படி இருந்தும் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன் பாருங்கள், அதுதான் என் புத்தி.

என் வீட்டுக்காரர் ஆமத்தூர் தாண்டி ஒரு சின்னப் பட்டாசு ஆலை நடத்துகிறார். நான் சிவகாசி ஆபீஸில் உட்கார்ந்து ஆர்டர் எடுப்பேன். ஆலைக்குள் செல்போன் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கேட் ரூமில் இருந்த லேண்ட்லைன்தான் ஒரே தொடர்பு. ரோட்டில் யாராவது குழி தோண்டினால் அது செத்துப்போகும். ஆபீஸ் போனோ, சீசன் நேரத்தில் எப்போது அடித்தாலும் என்கேஜ்டு. வடநாட்டு வியாபாரிகள் வெறுத்துப்போனார்கள். "இன்னுமா லேண்ட்லைன்?" என்று வீட்டில் மூன்று வேளையும் பல்லவி பாடி, ஆபீஸ், ஆலை இரண்டையும் இன்டர்நெட் போனுக்கு மாற்ற வைத்தேன். (படித்த மருமகள் எதையாவது மாற்றாமல் இருக்க முடியுமா?)

மாட்ட வந்த இன்ஜினியர் சொன்னார்: "ஒரே நேரத்துல பத்துப் பேர் கூப்பிட்டாலும் எல்லாரையும் ஹோல்டுல போடலாம் மேடம். காத்திருக்கிறவங்களுக்கு மியூசிக் கேக்கும். புல்லாங்குழல் வைக்கவா?"

"பட்டாசுக் கம்பெனிக்கு எதுக்குங்க புல்லாங்குழல்?"

அன்று சாயங்காலமே, அத்தை (என் மாமியார்) பக்கத்தில் நிற்க, எங்கள் சரவெடி ஒன்றை மாடியில் கொளுத்தி, செல்போனில் பதிவு செய்து அனுப்பினேன். வியாபாரி காத்திருக்கும்போதே சரக்கைக் காதால் பார்த்துவிடுவார் அல்லவா! என் மூளையை நினைத்து எனக்கே பெருமை தாங்கவில்லை. ஆபீஸ் போனுக்கு மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். இன்ஜினியர் ஆலைப் போனுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டார்.

ஆலை கேட்டில் வாட்ச்மேன் சுப்பையா அண்ணன். முதலாளியை யாராவது கேட்டால் ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே பார்த்துக் கத்துவார். "இனி கத்தக் கூடாதுண்ணே, இந்தப் பட்டனை அமுக்கிட்டுப் போய்க் கூப்பிடணும்" என்று அவருக்குப் பாடம் எடுத்ததும் நான்தான்.

ஒருநாள் முற்பகலில், ஆமத்தூர்த் திசையிலிருந்து ‘தும்’ என்றது. ஆபீஸ் ஜன்னல் அதிர்ந்தது. கை தானாகப் போனை எடுத்தது.

"அண்ணே, அவுக எங்கன இருக்காக?"

"உள்ள மருந்து கலக்குற ரூம் பக்கம் போனாக. கொஞ்சம் இருங்கம்மா..."

டமார்! அப்புறம் படபடபடவென்று டமார், டமார்!

"அண்ணே! அண்ணே!" என்று கத்தினேன். பதிலுக்கு வெடித்தது. நானே கொளுத்திய வெடி, நானே பதிவு செய்த சத்தம். தெரிந்ததா? பயத்தில் என் பெயரே எனக்குத் தெரியவில்லை. ரிசீவர் கையை விட்டு நழுவியது.

அதற்குள் செல்போனில் அத்தை. "ஏ செல்வி, ஆலைக்குப் போட்டேன்டி! இருங்கன்னான் சுப்பையா, உடனே வெடிச்சிருச்சுடி!" விருதுநகரிலிருந்து நாத்தனாரும் அதையே கேட்டாளாம். பழைய போனாக இருந்தால் ஒருவருக்குத்தான் லைன் கிடைக்கும், மற்றவர்களுக்கு என்கேஜ்டு. நான் கொண்டுவந்த போன் பாரபட்சம் பார்க்கவில்லை. எங்கள் சொந்தம், வேலையாட்களின் குடும்பம் என்று கூப்பிட்ட அத்தனை பேருக்கும் தனித்தனியாக வெடித்துக் காட்டியது.

வீட்டுக்குப் போய் அத்தையை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். சட்னியில் உப்பு இல்லை என்று அன்று காலையில் என் வீட்டுக்காரர் சொல்ல, "நாளைக்கு நீங்களே அரைச்சுக்கோங்க" என்று நான் சிடுசிடுத்திருந்தேன். கடைசியாக அவரிடம் பேசியது அதுதானா என்று நினைக்க நினைக்கக் கண்ணீர் கண்ணை மறைத்தது. பின்னால் அத்தை வேண்டிக்கொண்டே வந்தார்.

"மாரியாத்தா, எம்மவனைக் குடுத்துரு தாயி. அக்கினிச்சட்டி எடுக்கேன்." கொஞ்ச தூரம் போனதும் அது போதாது என்று தோன்றியிருக்க வேண்டும். "எம்மருமக மொட்டை போடுவா தாயி!"

(என் முடி. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.) "போடுதேன் தாயி!" என்று நானும் கத்தினேன். அப்போது தலையையே கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

ஆலை வாசலில் தீயணைப்பு வண்டி. ஆட்டோவும் வேனுமாக ஊரே திரண்டிருந்தது. புகை மட்டும் இல்லை. ஒரு அம்மா, வேலைக்கு வந்த மகளைத் தேடிப் பிடித்து, முதுகில் இரண்டு வைத்துவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர்களுக்குப் பின்னால், அலுமினியப் பொடி அப்பிய சட்டையோடு அவர் நின்றார்.

"என்ன, எல்லாரும் சேந்து வந்திருக்கீக?"

அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, ஊர் பார்க்கத் தேம்பித் தேம்பி அழுதேன். அத்தை மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கேட் ரூமிலிருந்து சுப்பையா அண்ணன் ஓடிவந்தார். "மொதலாளி, ஓயாம போன் வருது. அம்புட்டுப் பேரையும் அந்தப் பட்டன்லதான் நிப்பாட்டி வச்சிருக்கேன்!"

எனக்கு மெல்லப் பொறி தட்டியது. தீயணைப்பு அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. தன் செல்போனிலிருந்து ஆலைக்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டார். சுப்பையா அண்ணன் திரும்ப ஓடிப்போய் எடுத்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே பட்டனை அமுக்கினார். டமார், டமார். படபடபட. எல்லாம் அடங்கிய பிறகு, ஒரே கும்மாளமாக என் குரல்: "எப்படி அத்தை நம்ம வெடி?"

அத்தனை கண்ணும் என் பக்கம் திரும்பியது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. முதலில் கேட்ட ‘தும்’ பக்கத்துக் கல்குவாரியில் பாறைக்கு வைத்த வெடியாம். அதிகாரி என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

"ஒண்ணுமே நடக்கலையே அத்தை, மொட்டை எதுக்கு?" என்று வீட்டில் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"நடக்கக் கூடாதுன்னுதானடி வேண்டுனேன்" என்றார். அந்த வெள்ளிக்கிழமையே மொட்டை. நாத்தனார் எடுத்த போட்டோ இன்றும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பின் முகப்பில் இருக்கிறது.

ஹோல்ட் பட்டன் எங்கள் இரண்டு போனிலும் இப்போது வேலை செய்யாது. என் வீட்டுக்காரரும் அன்றிலிருந்து, நான் கூப்பிட்டால் "ஹலோ" சொல்வதில்லை. எடுத்ததும் "இருக்கேன்" என்பார். அதைப் பார்த்து நாத்தனார், அவள் பிள்ளைகள், ஒன்றுவிட்ட சித்தப்பாக்கள் வரை நான் கூப்பிட்டால் "இருக்கேன்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கல்யாண வீட்டில் பார்த்தாலும் தூரத்திலிருந்தே "இருக்கோம் செல்வி, இருக்கோம்!" என்று கையை ஆட்டிச் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் ஆலைக்கு அடிக்கும்போது மட்டும், அவர் அந்த வார்த்தையைச் சொல்லும்வரை எனக்கு மூச்சு வராது.