பத்துப் புகார்கள் தேவை

புகார்ப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார் குடிநீர் அதிகாரி. ஒரு பல்லி மட்டும் விழுந்து, அவரை முறைத்துவிட்டு ஓடியது.

"வெள்ளிக்கிழமை வெளிநாட்டு நிதிக்காரங்க வர்றாங்க. குறைஞ்சது பத்துப் புகாராவது இருக்கணுமாம். இல்லேன்னா ஜனங்க நம்மள நம்பலைன்னு அர்த்தமாம். நல்லாட்சிக்கு முட்டை மார்க். அவங்க கட்டித் தர்ற புதுத் தண்ணித் தொட்டி பக்கத்து ஊருக்குப் போயிடும்."

"புகாரே இல்லேன்னா அதுதானே சார் நல்லாட்சி?" என்றார் பியூன்.

"நானும் அதைத்தான் சொன்னேன். சிரிக்கிறாங்கய்யா."

தொட்டியைக் கட்டாமல் ஓய்வு பெறுவதில்லை என்று சபதம் போட்டிருந்த மனிதர் அவர். கதவைச் சாத்திக்கொண்டு, இடது கையால் தம் மீதே பத்துப் புகார்களை எழுதித் தள்ளினார்.

பியூன் படித்துப் பார்த்தார். "எல்லாத்துலயும் 'பார்வை ஒன்று, பார்வை இரண்டு'ன்னு கடித எண் போட்டிருக்கீங்க. எந்தப் பொதுஜனம் சார் இப்படித் திட்டும்?"

அதிகாரி அவற்றைக் கிழித்தெறிந்துவிட்டு, புகார் கேட்டுத் தெருவில் இறங்கினார். தையல்காரர் மெஷினை நிறுத்தாமலே விஷயத்தைக் காதில் வாங்கிக்கொண்டார்.

"உங்க மேல புகாரா? நாக்கு அழுகிடும் சார்."

"எனக்காக ஒண்ணு எழுதுங்களேன்."

எழுதினார். 'அதிகாரி தங்கமானவர். யார் வம்புக்கும் போகாதவர்.' அதைப் பார்த்து அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் ஆளுக்கொரு பாராட்டு எழுதிப் போட, பெட்டி பிதுங்கியது.

"போச்சு சார். மிரட்டி எழுதி வாங்கினோம்னு நினைப்பாங்க," என்றார் பியூன்.

"இனிமே ஒரே வழிதான்," என்றார் அதிகாரி.

தெருமுனையில் குழாயின் இரும்புச் சக்கரம் இருந்தது. மழையோ காய்ச்சலோ, இருபது வருடமாகக் காலை ஆறு மணிக்குத் தம் கையாலேயே அதைச் சுற்றித் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுவார். வேறு ஒருவரையும் தொடவிட மாட்டார்.

செவ்வாய்க்கிழமை திறக்கவில்லை. புதனும் திறக்கவில்லை. வியாழனும் போயிற்று. தெருவில் ஒருவர் மூச்சுவிட வேண்டுமே.

அன்று மாலை பொறுமை இழந்து, இஸ்திரி போடும் அம்மாவிடம் போய் நின்றார்.

"மூணு நாளா அந்தச் சக்கரத்தைச் சுத்தலையேம்மா. ஏன்னு ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?"

அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"உடம்புக்கு முடியலையோன்னு நேத்தே பேசிக்கிட்டோம் சார். ஆமா, அது தண்ணிக்கா? குழாய்ல சொட்டுத் தண்ணி வந்து பத்து வருஷமாச்சு, நீங்க தினம் காலையில உடற்பயிற்சி பண்றீங்கன்னுல்ல நாங்க நினைச்சோம்."