அமுக்கராவிடம் தோற்ற குப்பியார்

காரைக்குடியிலேயே எதையும் நம்பாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அவர் குப்பியார்தான். செக்காலை மருந்துக்கடையில் மருந்து காய்ச்சுபவர். ஒருமுறை கல்யாணப் பந்தியில் மடியிலிருந்து குப்பியை எடுத்து, ரசத்தை ஊற்றி, வெயிலில் பிடித்துப் பார்த்தார். பெண் வீட்டார் அடிக்க வந்துவிட்டார்கள்.

சோதிக்காமல் அவர் நம்பியது ஒன்றே ஒன்று: மருந்துக்குக் காட்டு வேர்தான் உசத்தி.

அப்போது மழை பொய்த்து, எங்கள் ஊர் கல்லலில் என் நெல் இரண்டு வருஷம் கருகிவிட்டது. வேறு வழியின்றிக் கிணற்றடி வயலில் மருந்து வேருக்காக அமுக்கராச் செடி போட்டேன். செக்காலைக் கடையில் அந்த வேரை வாங்காவிட்டால் பிள்ளைகளை விட்டுப் பர்மாவுக்குக் கப்பலேற வேண்டியதுதான்.

குப்பியார் நான் கொண்டுபோன வேர் மூட்டையைத் தொடக்கூட இல்லை.

"தோட்டத்து வேரு சோம்பேறி வேருங்க. தண்ணி ஊத்துறீக, எருப் போடுறீக. கஷ்டப்பட்டாத்தானே வேருல மருந்து சுரக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. "ரசத்தையே சோதிக்கிறீக. இதை மட்டும் ஏன் சோதிக்கலை?"

"சோதிக்கிறேன். உங்க வேரு ஜெயிச்சா மீசையை எடுத்துடுறேன்!"

கடையிலிருந்த காட்டு அமுக்கரா வேர், என் வேர் இரண்டையும் ஒரே எடையில் பொடித்துச் சாராயத்தில் ஊறவைத்தார். தமக்கே அடையாளம் தெரியக்கூடாதென்று கடை முதலாளியைக் குப்பிகளின் அடியில் பெயர் எழுதச் சொன்னார். சாற்றை வற்றவைத்து, திராவகத்தில் கரைத்து, அயோடின் சொட்டு விட்டார். சத்து எவ்வளவோ அவ்வளவு கலங்குமாம். ஒன்று லேசாகக் கலங்கியது. மற்றது மோராகிவிட்டது.

"இதான் காட்டு வேரு!" என்று துள்ளினார்.

முதலாளி குப்பியைத் தூக்கிப் பார்த்தார். 'தோட்டம்' என்றிருந்தது.

இன்னும் இரண்டு முறை செய்தார். தோட்டத்துக் குப்பியில்தான் அதே மோர்.

மறுநாள் காலை கடைக்கு வந்தவரைப் பார்த்து, "என்ன மருந்து வேணும்?" என்று கேட்டார் முதலாளி. மீசை இல்லாத குப்பியாரை அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

"எனக்கு ஒண்ணும் வேணாம். இவுக வேரை வாங்குங்க, முதலாளி" என்று அங்கே நின்றிருந்த என்னைக் காட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிக் கல்லலுக்கு வந்தார். வயலில் குந்தி ஒரு செடியைத் தடவினார். "சோம்பேறின்னு சொல்லிப்புட்டேன். மனசுல வச்சுக்காதே, ஆத்தா."

நான் சிரிப்பை அடக்கத் திரும்பினேன். கண் கலங்கிவிட்டது.

மண் அப்படி, பருவம் இப்படி என்று அவர் மழுப்பியிருந்தால் கடையில் எல்லோரும் தலையாட்டியிருப்போம். அவர் மழுப்பவில்லை. என் பிள்ளைகள் என் கண்முன்னாலேயே வளர்ந்தார்கள்.