தேயாத பிரஷ்

சரவணம்பட்டி,
கோயம்புத்தூர்.

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை சசிதர் அவர்களுக்கு மாமனார் பாலகோபால் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை ரங்கநாயகியும் சௌக்கியம். பெங்களூரில் நீங்களும் என் மகள் ஷ்ரவ்யாவும் ஒரு குறையுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சௌக்கியம் என்று எழுதிவிட்டேனே தவிர, உங்கள் அத்தை விஷயத்தில் அது முழு உண்மை இல்லை. அதைக் கீழே விவரமாக எழுதுகிறேன். தயவுசெய்து பதற வேண்டாம்.

கையில் போன் இருக்கும்போது இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் உங்கள் அத்தை பக்கத்தில் வந்து நின்று ஸ்பீக்கரைப் போடச் சொல்வாள். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், உங்கள் போனை ஷ்ரவ்யா எடுத்துப் பார்ப்பாள் என்று நீங்களே ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். நான் சிரிக்கவில்லை, அந்தப் பழக்கம் யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆகவே இதை உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புவதாக இருக்கிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

கேட்க வந்தது ஒரே ஒரு சந்தேகம். நீங்கள் எங்கள் கல்யாண நாளுக்கு வாங்கிக் கொடுத்த எலெக்ட்ரிக் பிரஷ்ஷின் ஹெட்டை எப்போது மாற்ற வேண்டும்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றும், நார் விரிந்துபோனாலோ அதிலுள்ள நீல நிறம் வெளுத்துப்போனாலோ அதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும் என்றும் நீங்கள் அன்றைக்கே பக்குவமாகச் சொன்னீர்கள். பிரஷ் ஒன்றுதான் என்றாலும், பெட்டியில் இருந்த இரண்டு ஹெட்டில் பச்சை வளையம் போட்டதை எனக்கும் மஞ்சள் வளையம் போட்டதை அத்தைக்கும் நீங்களே பிரித்துக் கொடுத்தீர்கள். எனக்கு இதெல்லாம் புரியாத விஷயமல்ல. ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்தவன் நான். அங்கே டிராவலர் என்று நகத்துண்டு அளவுக்கு ஒரு கம்பி வளையம் உண்டு, நூல் அதற்குள் புகுந்துதான் ஓடும். தேய்ந்ததோ இல்லையோ, குறித்த காலம் வந்ததும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்ட வேண்டும். இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டுமே என்று சொன்ன ஃபிட்டர்களை நான் திட்டிய திட்டு கருமத்தம்பட்டி வரைக்கும் கேட்டிருக்கும். அப்படிப்பட்டவன் வீட்டில் என் பச்சை வளைய ஹெட்டின் நார் நாலா பக்கமும் விரிந்து, நீலம் போன இடம் தெரியாமல் போன பிறகும், இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டுமே என்று ஓட்டினேன் மாப்பிள்ளை.

காரணம் கஞ்சத்தனம் இல்லை. அந்த ஹெட் கம்ப்யூட்டரில் ஆர்டர் போட்டால்தான் வருமாம், அதை நீங்கள்தான் போட வேண்டுமாம். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்காரன் மாப்பிள்ளைக்குச் செய்வானா, மாப்பிள்ளையிடம் பிரஷ் கேட்டு நிற்பானா? நீங்களும் சும்மா இருக்கவில்லை. போன் பேசும்போதெல்லாம், "ஹெட் தீந்துபோச்சுன்னா சொல்லுங்க மாமா, அனுப்பறேன்" என்றீர்கள். நானும் ஒவ்வொரு முறையும், "இருக்குதுங்க மாப்பிள்ளை, நெறைய இருக்குதுங்க" என்றேன். ஒன்றுகூட இல்லை.

பிறகு நானே சத்தி ரோட்டில் ஒரு கடையில் போய்க் கேட்டேன். கடைக்காரர் வேறு ஏதோ கம்பெனி ஹெட்டைக் காட்டி, எல்லாம் ஒன்றுதான் என்றார். வீட்டுக்கு வந்து மாட்டினால் தொளதொளவென்று ஆடியது. மில்லில் இதைவிடப் பெரிய ஆட்டத்தையெல்லாம் பார்த்தவன் என்கிற தைரியத்தில், குழாய்க்குச் சுற்றுகிற டேப்பைத் தண்டில் நாலு சுற்றுச் சுற்றி, ஹெட்டை இறுக்கி மாட்டி, வாயில் வைத்து ஸ்விட்சைப் போட்டேன். அது உதட்டைத் தட்டிவிட்டுக் கிளம்பி, கண்ணாடியில் மோதி, போகக் கூடாத இடத்தில் போய் விழுந்தது. எங்கே என்று எழுதவில்லை, மரியாதையாக இருக்காது. மறுநாளிலிருந்து யாருக்கும் சொல்லாமல் பழைய பச்சை வளையத்தையே திரும்ப மாட்டிக்கொண்டேன். அத்தை இன்னமும் நான் புதிதில்தான் பல் துலக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அது வாரத்துக்கு வாரம் இன்னும் மோசமாக விரிந்துகொண்டே போனது. என் கைப்பலத்துக்கு எந்த ஹெட்டும் தாங்காது என்று அவளிடம் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டேன்.

போன மாதம் வெள்ளகோவில் கல்யாணத்துக்கு வந்தவர்கள் இங்கே தங்கிவிட்டுப் போனீர்களே, அன்று காலை காபி குடிக்கும்போது, "பிரஷ் எப்படிங்க மாமா இருக்குது?" என்று கேட்டீர்கள். காபியைப் பாதியில் வைத்தேன். உள்ளே ஓடி, என் ஹெட்டைத் துண்டுக்குள் சுருட்டி வைத்துவிட்டு, அத்தையின் மஞ்சள் வளையத்தை மாட்டிக்கொண்டு வந்து உங்களிடம் நீட்டினேன். நீங்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புத்தம் புதுசா இருக்குதுங்களே மாமா, எப்ப மாத்துனீங்க?" என்றீர்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "மாத்தவே இல்லீங்க மாப்பிள்ளை" என்றேன். நீங்கள் பிரஷ்ஷையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. பெரியவரிடம் அதற்கு மேல் கேட்கக் கூடாது என்று விட்டுவிட்டீர்கள். நீங்கள் மரியாதை தெரிந்த பிள்ளை, அதுதான் இந்த வீட்டில் எல்லாருக்கும் உள்ள வியாதி.

உங்கள் கார் தெருவைத் தாண்டிய பிறகு அந்த ஹெட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒரு நார் விரியவில்லை. நீலம் அன்றைக்குப் பெட்டியைப் பிரித்தபோது இருந்த அதே நீலம். அவளுக்குப் பூப் போன்ற கை, நமக்குத்தான் முரட்டுக் கை என்று முதலில் நினைத்தேன். அப்புறம் மில்லுக்காரப் புத்தி முழித்துக்கொண்டது. மில்லில் தேயாத டிராவலரைப் பார்த்தால் நான் சந்தோஷப்பட்டதே இல்லை. இந்த மெஷின் ஓடவே இல்லை, ஓடியதாகக் கணக்கு எழுதியவனைக் கூப்பிடு என்பேன். அப்படியென்றால் இந்த மஞ்சள் வளையமும் ஓடவே இல்லை.

ஆனால் தினமும் காலையில் பாத்ரூமிலிருந்து பிரஷ் ஓடுகிற சத்தம் என் காதில் விழுகிறதே! அடுத்த நாள் அவள் உள்ளே போனபோது கதவைத் தட்டி, சோப்பு வேண்டும் என்றேன். திறந்தாள். பிரஷ் வாஷ்பேசின் மேடையில் தனியாகப் படுத்து உறுமிக்கொண்டிருந்தது. அவள் விரலால் பல்பொடி தேய்த்துக்கொண்டு, இடது கன்னத்தை ஒரு கையால் தாங்கியபடி நின்றிருந்தாள். இரண்டு நிமிடம் ஆனால் அது தானாக நின்றுவிடும் இல்லையா, அதுவரைக்கும் எனக்குக் கேட்கட்டும் என்று ஓட விட்டிருக்கிறாள். ஏன் என்று கேட்டேன்.

"மாப்பிள்ளை ஆசையா வாங்கிக் குடுத்ததுங்க. அதை வெச்சா உசுரு போற மாதிரி வலிக்குதுன்னு எப்படிங்க சொல்றது? உங்ககிட்டச் சொன்னா நீங்க அவருக்குச் சொல்லிப்போடுவீங்க."

அவள் கொஞ்ச நாளாகவே ராகியும் ரசம் சாதமுமாகக் கரைத்துக் குடித்தாள், நான் வயிற்றுக்கு நல்லது என்று பாராட்டினேன். முறுக்கை என் தட்டில் தள்ளினாள், பாசம் என்று எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளின் வலி தெரியாமல், பிரஷ்ஷுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன் மாப்பிள்ளை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அழுகையும் வந்தது, உங்களிடம் சொல்வதில் வெட்கமில்லை.

உடனே எங்கள் தெரு முனையில் இருக்கும் டாக்டர் ஃபர்சானாவிடம் கூட்டிப் போனேன். நல்ல பொண்ணு, அத்தையை அம்மா அம்மா என்றுதான் கூப்பிடும். கடைவாய்ப் பல்லில் சொத்தை ஆழமாகப் போயிருக்கிறதாம், பிரஷ்மேல் ஒரு குற்றமும் இல்லையாம். வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றிவிடலாம், இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் பிடுங்கத்தான் வேண்டியிருக்கும் என்றார். அத்தை நாற்காலியில் படுத்துக்கொண்டு என் கையை விடவே இல்லை. கூட்டம் பார்த்தால் பேசாதவள், அன்றைக்கு டாக்டரிடம், இதை எங்கள் மாப்பிள்ளைக்குத் தெரியப்படுத்த வேண்டாம் என்று சொன்னாள். டாக்டருக்கு உங்களை எங்கே தெரியும்? வரும்போது நானும் ஹெட் சந்தேகத்தைக் கேட்டேன். மூன்று மாதம், நார் விரிந்தால் அதற்கு முன்பே, என்று நீங்கள் சொன்னதையே அவரும் சொன்னார். ஆக நான் கேட்க வந்த சந்தேகம் தீர்ந்துவிட்டது. எழுத ஆரம்பித்துவிட்டதால் முடிக்கிறேன்.

உங்களிடம் வேண்டிக் கேட்டுக்கொள்வது இரண்டு. ஒன்று, ஷ்ரவ்யாவுக்கு இது தெரியக் கூடாது, தெரிந்தால் லீவு போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். இரண்டு, எக்காரணம் கொண்டும் நீங்கள் ஹெட் வாங்கி அனுப்பக் கூடாது. என் கைப்பலத்துக்கு ஈடுகொடுக்க யாராலும் முடியாது, அந்தச் சுமையை மாப்பிள்ளை தலையில் ஏற்ற மாட்டேன். நீங்களும் ஷ்ரவ்யாவும் நோய்நொடி இல்லாமல், வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு, எல்லாச் செல்வமும் பெற்று வாழ வேண்டும். உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமனார்,
பாலகோபால்

பின்குறிப்பு: உங்கள் ஆபீஸ் விலாசத்தை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இந்தக் கடிதம் மூன்று மாதமாகப் பீரோவிலேயே கிடந்தது. கடைசியில் ஷ்ரவ்யாவிடமே கேட்டேன். "அம்மா பல்லு விசயந்தானுங்கப்பா? எனக்கு மொதல்ல இருந்தே தெரியுமுங்க. உங்களுக்குத்தான் சொல்ல வேண்டாம்னாங்க" என்றாள். ஆகவே கிழிக்க வேண்டியதில்லை, வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறேன். என் கைப்பலத்தைப் பற்றி மேலே எழுதியதையும் அடித்துவிடவும். நான் புது ஹெட்டுக்கு மாறிவிட்டதாக நம்பி, உங்கள் அத்தை ஒவ்வொரு வாரமும் பச்சை வளையத்தை எடுத்து பாத்ரூம் குழாயில் படிந்த உப்பைத் தேய்த்திருக்கிறாள். குழாய் பளபளவென்று இருக்கிறதே என்று நானும் பாராட்டியிருக்கிறேன். அத்தைக்கு வேர் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நேற்று ஒரு முழு முறுக்கைக் கடித்துச் சாப்பிட்டாள், எனக்குத் தரவில்லை. இன்று காலை மஞ்சள் வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீலம் நன்றாக வெளுத்திருக்கிறது, நாரும் விரிய ஆரம்பித்திருக்கிறது. கேட்கிறேன் என்று தப்பாக நினைக்க வேண்டாம் மாப்பிள்ளை, ஹெட் இரண்டு அனுப்பி வையுங்கள். மஞ்சள் வளையம் போட்டது கட்டாயம் இருக்கட்டும்.